சிக்ஸ் நேஷன்ஸ் ஆரோஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் ஹாக்கி தெரியாத ஆள் கிடையாது. லக்ராஸ் என்று சொன்னால் நம்மவர்களில் பாதிப் பேர் "அது என்ன, வலை கட்டின கம்பை வைத்து ஆடுவார்களே, அதுவா?" என்பார்கள். அதுவேதான். 1994-இல் நிறைவேறிய சட்டப்படி கனடாவின் தேசியக் குளிர்கால விளையாட்டு ஹாக்கி, தேசியக் கோடைகால விளையாட்டு லக்ராஸ். அந்த லக்ராஸில் ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் ஜூனியர் அணி நாட்டையே பலமுறை வென்ற கதை இது.

ஆரோஸ் என்பது யாருடைய அணி?

ஒன்டாரியோ மாகாணத்தின் தெற்கே, கிராண்ட் ஆற்றங்கரையில், சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடி நிலப்பகுதி இருக்கிறது. டொரொன்டோவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதன் நடு ஊர் ஓஸ்வீக்கன். அந்தச் சமூகத்தின் ஜூனியர் ஏ லக்ராஸ் அணிதான் சிக்ஸ் நேஷன்ஸ் ஆரோஸ். சில ஆண்டுகள் 'ஆரோ எக்ஸ்பிரஸ்' என்ற பெயரிலும் ஆடினார்கள்.

ஜூனியர் ஏ என்றதும் பள்ளிக்கூடப் போட்டி என்று நினைத்துவிட வேண்டாம். 17 முதல் 21 வயது வரையிலான இளைஞர்கள் ஆடும் மேல்நிலை லீக் அது. இங்கிருந்து அடுத்த படி அமெரிக்கப் பல்கலைக்கழகம், அதற்கும் அடுத்தது தொழில்முறை லீக். ஒன்டாரியோ லீக்கில் ஆரோஸ் மோதும் அணிகள் ஆரஞ்வில், விட்பி, பிராம்ப்டன், பீட்டர்பரோ, செயின்ட் கேத்தரின்ஸ், மிமிக்கோ, டொரொன்டோ பீச்சஸ் போன்றவை. நகரங்களும் புறநகரங்களும்தான் எல்லாமே. அந்தப் பட்டியலில் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய 'ரிசர்வ்' நிலத்திலிருந்து வந்து நிற்கும் பெயர் இது. இந்த லீக்கின் சாம்பியனுக்குக் கொடுக்கும் கோப்பையின் பெயர் 'இரோகுவா டிராபி'. அந்தப் பெயருக்கு உரிய மக்கள்தான் ஆரோஸ்.

சிக்ஸ் நேஷன்ஸ் என்றால் ஆறு இனங்களும் ஒரே இடத்திலா?

ஆமாம். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனிகா ஆகிய ஐந்து நாட்டினரும் வெள்ளையர் வருவதற்கு முன்பே ஒரு கூட்டமைப்பாக இருந்தவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டஸ்கரோரா மக்கள் சேர்ந்து ஆறானது. தங்களை அவர்கள் ஹோடினோஷோனி என்று அழைத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த 'இரோகுவா' என்ற பெயர் பழைய ஆவணங்களிலும் கோப்பைகளிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர்களுடைய பூர்வீகம் இன்றைய நியூயார்க் மாநிலம். அமெரிக்கப் புரட்சிப் போரில் பலர் பிரிட்டனின் பக்கம் நின்றார்கள். பிரிட்டன் தோற்றது, நிலம் போயிற்று. அதற்கு ஈடாக 1784-இல் ஹால்டிமண்ட் என்ற ஆளுநர், கிராண்ட் ஆற்றின் இருகரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு நிலம் கொடுப்பதாகப் பிரகடனம் செய்தார். சுமார் 9,50,000 ஏக்கர். மோஹாக் தலைவர் ஜோசப் பிரான்ட்டின் தலைமையில் மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். இன்று அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 46,000 ஏக்கர், அதாவது இருபதில் ஒரு பங்கு. மீதி எப்படிப் போனது என்பதுதான் இரண்டு நூற்றாண்டு வழக்கு. அதை இங்கே விரித்தால் லக்ராஸுக்கு இடமிருக்காது.

உறுப்பினர் எண்ணிக்கையில் கனடாவின் மிகப் பெரிய பூர்வகுடிச் சமூகம் இதுதான். பதிவேட்டில் 27,000-க்கு மேல் பெயர்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் அங்கேயே வசிக்கிறார்கள். ஒரு நடுத்தர டவுனுக்கும் குறைவான மக்கள்தொகை. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இவர்கள் ஆடுவது புல்வெளி லக்ராஸா, உள்ளரங்க லக்ராஸா?

ஆரோஸ் ஆடுவது பாக்ஸ் லக்ராஸ். கோடையில் ஐஸ் இல்லாத ஹாக்கி அரங்கில், சுற்றிலும் பலகைச் சுவர் இருக்க, வெறும் தரையில் ஆடுவது. பக்கத்துக்கு ஐந்து ஓட்டக்காரர்கள், ஒரு கோல்காப்பாளர். கோல் நான்கடிக்கு நான்கடி. அதன் முன்னால் உடம்பெல்லாம் மெத்தை கட்டிய ஒருவர் நின்றால் வாசலில் வெளிச்சம்கூடத் தெரியாது. அந்தச் சந்துபொந்தில் கெட்டி ரப்பர் பந்தைச் செலுத்த வேண்டும். பந்து கைக்கு வந்தால் 30 நொடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். ஆகவே ஆட்டம் ஓயாது. தலா 20 நிமிடம் மூன்று பகுதி. ஒரு அணி பத்து கோல் போடுவது சாதாரணம்.

1930-களின் தொடக்கத்தில் கோடையில் சும்மா கிடந்த ஹாக்கி அரங்குகளில் காசு பார்க்க, அரங்கு முதலாளிகள் முன்னெடுத்த வடிவம் இது. பூர்வகுடி ஊர்களில் அது வேகமாகப் பிடித்துக்கொண்டது. பெரிய புல்வெளியும் பெரிய அணியும் தேவையில்லை. ஒரு கொட்டகையும் பத்துப் பன்னிரண்டு பையன்களும் போதும்.

புல்வெளியில் ஆடி வளர்ந்தவனுக்கும் பாக்ஸில் வளர்ந்தவனுக்கும் ஆட்டத்தைப் பார்த்ததுமே வித்தியாசம் தெரியும். பாக்ஸ் பையன் நெருக்கடியில் பதறமாட்டான். முதுகுக்குப் பின்னாலிருந்து பாஸ் கொடுப்பான், இரண்டு பேர் மேலே விழுந்தாலும் பந்தை விடமாட்டான். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் இந்த ரிசர்வ் வரை தேடிக்கொண்டு வருவது அதனால்தான்.

ஆட்டமே அவர்களுடையது. பிறகு லீக்கில் சேர்ந்து ஜெயித்ததில் என்ன அதிசயம்?

நல்ல கேள்வி. அதிசயம் திறமையில் இல்லை, வாசலில் இருக்கிறது.

லக்ராஸ் கிழக்கு வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். 1860-களில் மொன்ட்ரியால் பல்மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் அதற்கு எழுத்தில் விதிமுறை வகுத்தார். 1867-இல் தேசியச் சங்கம் உருவானது. அப்போதெல்லாம் மோஹாக் அணிகளைக் கூப்பிட்டு ஆடி, பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தார்கள் வெள்ளைக்கார கிளப்புகள். 1880-இல் சங்கம், பணம் வாங்காத 'அமெச்சூர்'களுக்கு மட்டுமே போட்டியில் இடம் என்று வைத்தது. பூர்வகுடி ஆட்டக்காரர்கள் போக்குவரத்துச் செலவுக்குப் பணம் வாங்குபவர்கள், ஆகவே தொழில்முறையினர், ஆகவே வெளியே. காகிதத்தில் நிறம் பற்றி ஒரு வரி கிடையாது. விளைவு மட்டும் நிறப்படி வந்து விழுந்தது.

ஆனாலும் அவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கனடாவிலிருந்து ஒரு மோஹாக் அணி போய் வெண்கலம் வாங்கியது. அந்த அணியின் ஆட்டக்காரர்கள் 'பிளாக் ஹாக்', 'ரெட் ஜாக்கெட்', 'ரெயின் இன் ஃபேஸ்' என்ற மாதிரிப் பெயர்களில்தான் பதிவேட்டில் இருக்கிறார்கள். வீட்டில் அவர்களை யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. 1930-களில் சிக்ஸ் நேஷன்ஸ் பையன் ஹாரி ஸ்மித் பாக்ஸ் லக்ராஸ் ஆடி டொரொன்டோ, பஃபலோ, ராச்செஸ்டர் என்று சுற்றினார். பின்னாளில் ஜே சில்வர்ஹீல்ஸ் என்ற பெயரில் ஹாலிவுட்டில் புகழ் பெற்ற நடிகர் அவர்தான்.

கவனித்தீர்களானால், இந்தக் கதைகளிலெல்லாம் ஆட்டக்காரன் ஊரைவிட்டுப் போய்த்தான் பெயர் வாங்குகிறான். ஆரோஸின் முக்கியத்துவம் இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

ஆரோஸுக்கு முன்னால் சிக்ஸ் நேஷன்ஸ் பையன்கள் ஜூனியரில் எங்கே ஆடினார்கள்?

யார் கூப்பிட்டார்களோ அவர்களுக்கு. இதற்குச் சரியான உதாரணம் கேலார்ட் பவ்லெஸ்.

அவருடைய அப்பா ராஸ் பவ்லெஸ் 1950-களின் பெயர்பெற்ற ஆட்டக்காரர். கனடாவின் சீனியர் பட்டமான மேன் கோப்பையை பீட்டர்பரோ அணி 1951 முதல் 1954 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றபோது அதில் இருந்தவர். அவர் பெற்ற கோப்பைகள் பீட்டர்பரோ கணக்கில்தான் ஏறின. மகன் கேலார்ட் 1946-இல் பிறந்தார். ஜூனியர் வயது வந்தபோது, ஓஷாவா நகரத்தின் கிரீன் கேல்ஸ் அணிப் பயிற்சியாளர் ஜிம் பிஷப் அவரை அழைத்துக்கொண்டார். மோஹாக் பையன் ஒருவன் ஐரிஷ் பெயர் கொண்ட அணியில், பச்சை ஜெர்சியில்! 1963 முதல் 1969 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கனடாவின் ஜூனியர் சாம்பியனாக இருந்த அணி அது. கேலார்ட் ஆடிய 1964 முதல் 1967 வரையிலான நான்கு வருடமும் கோப்பை. அதில் இரண்டு முறை, 1964-இலும் 1967-இலும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே.

எளிதாக வந்ததல்ல. எதிரணிக்காரர்கள் அவரைக் குறிவைத்து அடித்தார்கள், இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். கைகலப்பில் இறங்கினால் பெனால்டி பெட்டியில் போய் உட்கார வேண்டும், அது எதிரிக்குத்தான் லாபம். அவர் கோல் போட்டுக் கணக்குத் தீர்த்தார். பிறகு 1971-இல் பக்கத்து நகரமான பிரான்ட்ஃபோர்டின் வாரியர்ஸ் அணியோடு மேன் கோப்பையும் வென்றார். 2001-இல் காலமானார். இன்று ஓஸ்வீக்கனில் உள்ள பொது அரங்கத்துக்கு அவர் பெயர்தான்.

கேலார்ட் தனிப்பட்ட மேதை. ஆனால் அவரோடு வளர்ந்த சராசரிக்குச் சற்று மேலான பத்துப் பையன்களை யாரும் ஓஷாவாவுக்குக் கூப்பிடவில்லை. மேதை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். ஊருக்கென்று ஒரு அணி தேவைப்படுவது மற்ற பத்துப் பேருக்காக.

மின்டோ கோப்பை, மேன் கோப்பை, ஃபவுண்டர்ஸ் கோப்பை... குழப்பமாக இருக்கிறதே?

சுருக்கமாக: ஜூனியர் ஏ-யில் தேசியப் பட்டம் மின்டோ கோப்பை. ஜூனியர் பி-யில் ஃபவுண்டர்ஸ் கோப்பை. சீனியருக்கு மேன் கோப்பை.

மின்டோ கோப்பையை 1901-இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபு கொடுத்தார். முதலில் சீனியர்களுக்கு, 1937 முதல் ஜூனியர்களுக்கு. (பிற்பாடு இந்தியாவுக்கு வைஸ்ராயாகப் போனவரும் இதே மின்டோதான். நமது பள்ளிப் பாடத்தில் வந்த மின்டோ–மார்லி சீர்திருத்தத்தின் மின்டோ. இவர் பெயரில் ஒரு லக்ராஸ் கோப்பை இருப்பது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.) ஆகஸ்ட்டில் ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா அணிகள் ஓரிடத்தில் கூடி இதற்காக மோதுகின்றன.

ஆரோஸ் எத்தனை முறை மின்டோ வென்றது?

ஐந்து முறை: 1992, 2007, 2014, 2015, 2017.

1992 வெற்றிதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் கருத்து. மின்டோ கோப்பையின் வரலாற்றில் ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் அணி அதைத் தூக்கியது அதுவே முதல் தடவை. ஜூனியர் பட்டமாக மாறி ஐம்பத்தைந்து வருடம் கழித்து. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் செயின்ட் கேத்தரின்ஸ் வசம் இருந்த கோப்பை அது. இரண்டே வருடத்தில் அதே ஊரின் சீனியர் அணியான சிக்ஸ் நேஷன்ஸ் சீஃப்ஸ் மேன் கோப்பையை வென்று, 1994, 1995, 1996 என்று மூன்று ஆண்டுகள் கையை விட்டு விடவில்லை. ஜூனியரில் ஒரு தலைமுறை பழகிக்கொண்டது, சீனியரில் அறுவடை என்று சொல்லலாம்.

ஆரோஸுக்கோ 1992-க்குப் பின் பதினைந்து வருட இடைவெளி. ஜூனியர் அணி என்பது ஓடுகிற தண்ணீர். 21 முடிந்தால் ஆள் வெளியே. ஒரு நல்ல கூட்டம் கலைந்தால் அடுத்த கூட்டம் வளர்ந்து வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். பர்னபி, விட்பி, ஆரஞ்வில் அணிகள் கோப்பையை மாற்றி மாற்றிப் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது.

2014 முதல் வந்தது வேறு ரகம். நான்கு ஆண்டில் மூன்று பட்டம். 2014-இல் மின்டோ, மேன் இரண்டும் சிக்ஸ் நேஷன்ஸுக்கே வந்தன. ஜூனியரிலும் சீனியரிலும் ஒரே ஊர் நாட்டின் சாம்பியன். முன்னே சொன்ன மக்கள்தொகையை இங்கே ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் மின்டோ நடக்கவே இல்லை. அந்த வருடங்களில் 21 வயதைக் கடந்த பையன்களுக்கு அந்த வாய்ப்பு திரும்ப வராது.

2007 அணியைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இரண்டு காரணம். முதலாவது அந்தக் காலம். 2006 பிப்ரவரி 28 அன்று, பக்கத்து ஊரான கலிடோனியாவில், வீட்டுமனையாக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நிலம் தங்களுடையது என்று சொல்லி சிக்ஸ் நேஷன்ஸ் மக்கள் அதில் போய் உட்கார்ந்தார்கள். சாலை மறியல், போலீஸ், இரு தரப்பு ஆவேசம் என்று மாதக்கணக்கில் செய்தி. அந்த ஆண்டு கனடாவின் மற்ற பகுதியில் 'சிக்ஸ் நேஷன்ஸ்' என்ற பெயரைக் கேட்டவர்களுக்குத் தொலைக்காட்சியில் எரிந்த டயர்தான் ஞாபகம் வந்திருக்கும். அதற்கு மறு வருடம் இந்தப் பையன்கள் நாட்டின் ஜூனியர் சாம்பியன்கள். நிலப் பிரச்சினைக்கு அது தீர்வில்லைதான். ஆனால் அந்த வயதுப் பையன்கள் அப்போது எந்தச் சூழலில் பயிற்சிக்குப் போய்வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு 2007-ஐப் பேச முடியாது.

இரண்டாவது காரணம் கோடி ஜேமிசன், சிட் ஸ்மித் என்ற இருவர். ஒருவர் கோல் போடுபவர், மற்றவர் தடுப்பவர். இருவரும் அடுத்து நியூயார்க்கின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போனார்கள். 2009 அமெரிக்கப் பல்கலைக்கழக இறுதி ஆட்டம், எதிரே கார்னெல். கடைசி சில நிமிடங்கள் வரை சிரக்யூஸ் 6–9 என்று பின்தங்கி இருந்தது. எழுந்து வந்து, கடிகாரத்தில் ஐந்து நொடிகூட இல்லாதபோது சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் பந்து கார்னெல் கையில். சிட் ஸ்மித் மட்டையால் தட்டி அதைப் பிடுங்கினார். பந்து மறுமுனைக்கு ஓடி, கோடி ஜேமிசனிடம் வந்து, கோல். 10–9. ஸ்டேடியம் முழுக்க அமெரிக்கர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பட்டத்தை முடித்து வைத்தவர்கள் ஒரே ரிசர்வைச் சேர்ந்த இரண்டு பேர். பார்க்காதவர்கள் காணொளியைத் தேடிப் பாருங்கள்.

2010-இல் தொழில்முறை லீக் தேர்வில் ஜேமிசன் முதல் ஆள். எடுத்தது ராச்செஸ்டர் நைட்ஹாக்ஸ். அந்த அணியின் முதலாளி கர்ட் ஸ்டைர்ஸும் சிக்ஸ் நேஷன்ஸ்காரரே. ஜேமிசனும் ஸ்மித்தும் அதில் சேர்ந்து ஆட, 2012, 2013, 2014 என்று நைட்ஹாக்ஸ் மூன்று பட்டம் தொடர்ந்து வென்றது. அந்த லீக்கில் அதற்கு முன் யாரும் செய்யாதது. 2014-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஜேமிசனுக்குப் போனது.

இத்தனை சின்ன ஊரில் இவ்வளவு ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

"இரத்தத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. இன்னொரு பாதி ஏற்பாடு.

பிறந்த ஆண் குழந்தையின் தொட்டிலில் சிறு மட்டை வைக்கும் வழக்கம் உண்டு. சாகும்போதும் மட்டையோடு புதைப்பார்கள். நடக்கத் தொடங்கியதும் பையன் கையில் மட்டை இருக்கும் என்பது மிகையல்ல. இது மரபு.

ஏற்பாடு என்பது வேறு: சின்னஞ்சிறுவர் அணியிலிருந்து வயதுவாரியாக அணிகள். அதற்கு மேல் ஜூனியர் பி-யில் ரெபெல்ஸ். அவர்களும் தங்கள் தேசியப் பட்டமான ஃபவுண்டர்ஸ் கோப்பையைப் பலமுறை வென்றவர்கள். பிறகு ஆரோஸ், அதற்கும் மேல் சீஃப்ஸ். தொட்டிலிலிருந்து மேன் கோப்பை வரை ஒரு பையன் ஊரைவிட்டுப் போகாமலே ஏறக்கூடிய படிக்கட்டு. 2004-இல் இரோகுவா லக்ராஸ் அரங்கம் திறந்தது. மற்ற ஊர்களில் ஹாக்கி முடிந்து ஐஸ் கரையும்வரை லக்ராஸ் காத்திருக்க வேண்டும். இங்கே லக்ராஸுக்கென்றே கட்டிய அரங்கம், ஐஸே கிடையாது. ஜனவரிப் பனியிலும் பையன்கள் பந்தடிக்கலாம். 2007-க்குப் பிறகு பட்டங்கள் அடர்த்தியாக வந்ததற்கு இந்த அரங்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, மூத்தவர்கள். ஆரோஸில் ஆடியவர் சீஃப்ஸில் ஆடுகிறார், மாலையில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பவ்லெஸ், ஸ்டாட்ஸ், பாம்பெரி, ஜேமிசன் என்று ஆட்டக்காரர் பட்டியலில் வருகிற குடும்பப் பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

அணியில் எல்லோரும் சிக்ஸ் நேஷன்ஸ்காரர்கள்தானா?

பெரும்பாலோர் அப்படி, எல்லோரும் அல்ல. மற்றப் பூர்வகுடிச் சமூகங்களிலிருந்து வருவார்கள், பூர்வகுடி அல்லாத பையன்களும் ஆரோஸ் ஜெர்சி போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஓஷாவா கேலார்டைக் கூப்பிட்டது போல, இப்போது இந்த ஊர் கூப்பிடுகிறது.

கோவில் சடங்கு மாதிரியும் லக்ராஸ் ஆடுவார்கள் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. வேர் ஒன்று, ஆட்டம் வேறு.

ஹோடினோஷோனி நம்பிக்கையில் லக்ராஸ் படைத்தவனுக்காக ஆடப்படுவது. அதற்கு மருந்தின் குணம் உண்டு. நோயில் கிடக்கும் ஒருவருக்காக, அல்லது சமூகத்தின் நலத்துக்காக மருந்தாட்டம் ஆடுவார்கள். மரத்தில் செய்த மட்டை, ஆண்கள் மட்டும், கோல் எண்ணிக்கை முக்கியமில்லை. அங்கே டிக்கெட்டும் ஸ்கோர்போர்டும் கிடையாது. வெளியாள் எட்டிப் பார்க்கும் காட்சிப்பொருளும் அல்ல அது. ஆகவே அதைப் பற்றி இதற்குமேல் நான் எழுதுவது முறையாகாது.

ஆரோஸ் ஆட்டம் லீக் ஆட்டம். பிளாஸ்டிக் தலை மாட்டிய மட்டை, ஸ்பான்சர், நடுவர், பெனால்டி எல்லாம் உண்டு. மரமட்டைக்கும் ஒரு வணிக வரலாறு இருக்கிறது. ஹிக்கரி மரத்தை நீராவியில் வளைத்து, தோல்வார் கட்டிச் செய்வது. ஒன்டாரியோவின் கார்ன்வால் தீவில், அக்வசாஸ்னி மோஹாக் மக்கள் வேலை செய்த ஒரு தொழிற்சாலைதான் உலகத்துக்கு வேண்டிய லக்ராஸ் மட்டைகளில் பெரும்பகுதியைச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. 1968-இல் அது தீயில் போனது. இரண்டு வருடத்தில் பிளாஸ்டிக் மட்டை சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு கைத்தொழில் சமூகத்தின் கையைவிட்டுப் போனது இப்படித்தான்.

பெண்கள் ஆடுவதில்லையா?

ஆடுகிறார்கள். சிக்ஸ் நேஷன்ஸில் பெண்கள் அணிகள் உண்டு. ஹோடினோஷோனி பெண்கள் தேசிய அணி உலகப் போட்டிகளுக்கும் போகிறது. ஆனால் மருந்தாட்டத்தின் மரமட்டையைப் பெண்கள் தொடக்கூடாது என்ற நம்பிக்கை வலுவாக இருக்கும் சமூகம். பெண்கள் ஆடுவது சரியா என்று சில மூத்தவர்கள், குலத்தாய்மார்கள் உட்பட, எதிர்த்த வரலாறும் உண்டு. தாய்வழிச் சமூகம் இது. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் குலத்தாய்மார்தான். ஆகவே வெளியிலிருந்து பார்த்து "பெண்ணடிமைத்தனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாத விவாதம்.

ஆரோஸ் பையன்கள் கனடா அணிக்கு ஆடுவார்களா?

ஒரு சிலரைத் தவிர, இல்லை. அவர்களுக்குச் சொந்த தேசிய அணி இருக்கிறது. 1983-இல் ஒனண்டாகா பெரியவர் ஓரன் லையன்ஸும் வேறு சிலரும் சேர்ந்து 'இரோகுவா நேஷனல்ஸ்' என்று தொடங்கியது. 2022-இல் ஹோடினோஷோனி நேஷனல்ஸ் என்று பெயர் மாறியது. 1990-லிருந்து உலகக் கோப்பையில் தனி நாடாக, தனிக் கொடியோடு ஆடுகிறார்கள். 2014, 2018, 2023 என்று மூன்று உலகப் போட்டிகளில் தொடர்ந்து வெண்கலம். உள்ளரங்க உலகப் போட்டியில் 2003 முதல் 2019 வரை ஐந்து முறையும் வெள்ளி. ஒவ்வொரு இறுதியிலும் எதிரே நின்றது கனடா. வீட்டுக்கு அரைமணித் தூரத்தில் ஆடி வளர்ந்த இரு தரப்புப் பையன்கள், லீக்கில் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள், அங்கே போய் இரண்டு நாடுகளாக நிற்பார்கள்.

தனி நாடு என்றால் தனி பாஸ்போர்ட். 1923-இலேயே கயூகா தலைவர் டெஸ்கஹே, சிக்ஸ் நேஷன்ஸ் வழக்கைச் சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) வைக்க ஹோடினோஷோனி பாஸ்போர்ட்டில் ஜெனிவா போனவர். 2010-இல் உலகக் கோப்பை இங்கிலாந்தின் மான்செஸ்டரில். அதே பாஸ்போர்ட்டோடு அணி கிளம்பியது. அமெரிக்கா கடைசி நேரத்தில் ஒருமுறை விலக்குக் கொடுத்தது. பிரிட்டன் விசா மறுத்தது. அமெரிக்க, கனடிய பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்தால் வரலாம் என்றார்கள். அணி மறுத்து, ஆடாமலே இருந்துவிட்டது. இருபது வயதுப் பையனுக்கு உலகக் கோப்பையை விடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

2028 ஒலிம்பிக்கில் அவர்களைப் பார்க்கலாமா?

லாஸ் ஏஞ்சலஸ் 2028-இல் லக்ராஸ் உண்டு. ஆறு பேர் ஆடும் 'சிக்ஸஸ்' என்ற வேக வடிவம். இதற்கான முடிவு 2023 அக்டோபரில் வந்தது. டிசம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன், ஹோடினோஷோனிக்கு அவர்கள் கொடியின் கீழேயே இடம் தர வேண்டும் என்றார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் பதில்: தேசிய ஒலிம்பிக் கமிட்டி இருக்கும் நாடுகளுக்குத்தான் இடம், இவர்கள் அமெரிக்கா அல்லது கனடா அணியில் ஆடலாம். 1880-இன் அமெச்சூர் விதி மாதிரியே இதிலும் யாரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுப் போட்டிக்கும் முதலில் இவர்களை விலக்கித்தான் வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, விதியைத் திருத்தினார்கள், இடம் காலியில்லை என்றார்கள். அப்போது அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக்கொடுத்தது.

ஆரோஸ் ஆட்டத்தை நேரில் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வழி. விட்பி அல்லது பிராம்ப்டன் அணி தங்கள் அரங்கில் ஆரோஸை எதிர்கொள்ளும் நாளில் போகலாம், பக்கம். ஆனால் ஒருமுறையாவது கிராண்ட் ஆற்றுக்குப் போய் இரோகுவா லக்ராஸ் அரங்கத்திலேயே பார்ப்பதுதான் நல்லது. சீசன் மே முதல் ஜூலை வரை, அதற்குப் பிறகு பிளேஆஃப். அட்டவணை லீக்கின் தளத்தில் வரும்.

பலகைச் சுவரை ஒட்டி உட்காராதீர்கள், முதல் தடவை போகிறவர்களுக்கு மோதல் சத்தம் தூக்கிவாரிப் போடும். இரண்டு மூன்று வரிசை மேலே போனால் ஆட்டத்தின் அமைப்பும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி நடுவரைத் திட்டுவதும் கேட்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். இடைவேளையில் சிறுவர்கள் மட்டையோடு தரையில் இறங்கி ஓடினால், உங்கள் பிள்ளையும் மட்டை கேட்கும் என்று எதிர்பார்த்தே போங்கள்.